கடல் விட்டுப்போன நிலம் யாருக்கு? கோர்ஸ்ஹோல்ம் பற்றி ஓர் இழை

கேள்வி: திசைமானி, 11 மே 2024

பின்லாந்தில் ஒரு கடலோர ஊராட்சியாம். ஆயிரக்கணக்கில் தீவுகள். ஆனால் சனங்கள் பேசுவது பின்னிஷ் இல்லை, சுவீடிஷ். வருஷா வருஷம் கடலிலிருந்து நிலம் எழும்பி ஊர் பெரிதாகிக்கொண்டே போகிறதாம். “அங்கே கரையோரம் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் பேரன் காலத்தில் இரண்டு துண்டாகியிருக்கும்” என்று ஒருவர் காணொளியில் சொல்கிறார். இது ஓலாந்துத் தீவுதானே? எழும்புகிற நிலம் வாங்கினவருக்கே சேருமா? அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 மே 2024, இரவு

ஓலாந்து இல்லை தம்பி. ஓலாந்து தெற்கே இருக்கிறது, தன்னாட்சி உள்ள தீவுக்கூட்டம், அங்கே சுவீடிஷ் மட்டும்தான் ஆட்சிமொழி. நீங்கள் கேட்பது மேற்குக் கரையில், வாசா நகரத்தைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடக்கிற கோர்ஸ்ஹோல்ம். பின்னிஷில் முஸ்தசாரி. நான் இருப்பது அங்கேதான், ரெப்லோட் தீவில், பதினோரு வருஷமாக. வேலை வாசாவில். அதனால் தினமும் பாலம் கடக்கிறவள்.

மக்கள் தொகை இருபதாயிரத்தை ஒட்டி. அதில் பத்துக்கு ஏழு பேர் வீட்டில் பேசுவது சுவீடிஷ். ஆயிரக்கணக்கில் தீவு என்பது உண்மை. கணக்கில் சொல்லும் 5,600 தீவு, கோர்ஸ்ஹோல்முக்கு மட்டும் உரியதல்ல. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள க்வார்க்கன் நீரிணையில் உலகப் பாரம்பரியக் களமாக 2006இல் அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமான எண் அது. பக்கத்து ஊராட்சிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

நிலம் எழும்புவதும் உண்மை. ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர். க்வார்க்கன் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் புது நிலம்.

வாங்கினவருக்கே சேருமா என்றால், சேராது. அதைத் தனியாக எழுத வேண்டும். எனக்கே அடிபட்ட விஷயம்.

12 மே 2024

காலையில் பாலத்தில் போகும்போது தோன்றியது. நேற்று பெயரைச் சொன்னேன், பொருளைச் சொல்லவில்லை.

சுவீடிஷில் ‘ஹோல்ம்’ என்றால் சின்னத் தீவு. கோர்ஸ்ஹோல்ம், சிலுவைத் திட்டு. பின்னிஷில் ‘சாரி’ தீவு, ‘முஸ்த’ கறுப்பு. இரண்டு மொழியிலும் ஊர்ப்பெயர் தீவுதான். அந்தப் பெயருக்கு மூலமான இடைக்காலக் கோட்டை மேடு இன்றும் பழைய வாசாவில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் சுற்றிலும் புல்லும் மரமும் வீடும். தண்ணீரைத் தேடிப் போக வேண்டும்.

இப்படி ஊரெல்லாம் இருக்கிறது. கார்பெரோ என்று ஓர் ஊர், கடைசியில் வரும் ‘ஓ’ என்றால் தீவு, இன்று அது பெருநிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. யுங்சுண்ட் என்று இன்னொன்று, ‘சுண்ட்’ என்றால் நீரிணை. கடல் போய்விட்டது, பெயர் போகவில்லை. வந்த புதிதில் வரைபடத்தைப் பார்த்து இந்தத் தீவு எங்கே, அந்த நீரிணை எங்கே என்று தேடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், “வரைபடத்தைப் படிக்காதே, பெயரைப் படி” என்றார்.

19 மே 2024

8 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும். நான் பார்த்தேன்.

2016இல் எங்கள் கரையோரப் பாறையில், தண்ணீர் தொடுகிற இடத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டோம். மகள் பிறந்த வருஷம். அவளோடு சேர்ந்து நிலமும் வளர்வதை அளக்கலாம் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. இன்று போய்ப் பார்த்தேன், கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றரைச் சாண். எட்டே வருஷம்!

21 மே 2024

மேலே எழுதியது தவறு. அழிக்காமல் விடுகிறேன், படிக்கிறவர்களுக்கு உதவும்.

எட்டு வருஷத்துக்கு எட்டு எட்டாகப் போட்டாலும் 64 மில்லிமீட்டர்தான் வரும், நாலு விரல் அகலம்கூட இல்லை. ஒன்றரைச் சாண் எங்கிருந்து வந்தது? காற்றழுத்தத்திலிருந்து. பால்டிக் கடலில் ஏற்றவற்றம் என்று சொல்லத்தக்கது கிடையாது. அழுத்தமும் காற்றும்தான் நீரை ஏற்றி இறக்குகின்றன. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் நீர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். போன வாரம் முழுக்க வெயில், உயர் அழுத்தம். நான் பார்த்தது வெயிலைத்தான், நிலம் எழும்பியதை அல்ல.

பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. “என் அப்பாவும் அப்படித்தான் கோடு போட்டார்” என்றார்.

2 ஜூன் 2024

நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். நீளமாக இருக்கும்.

நாங்கள் வாங்கினது ஒரு ‘வில்லா’. இங்கே அந்தச் சொல்லுக்கு மாளிகை என்று பொருளில்லை. கோடையில் போய்த் தங்குகிற மரவீட்டுக்கு ஓஸ்தர்போத்தன் என்கிற இந்தக் கரைப்பகுதியின் சுவீடிஷில் வில்லா என்றுதான் பெயர். விற்றுக்கொடுத்த இடைத்தரகர் திண்ணையில் நின்று கையை நீட்டி, “தண்ணீர் வரைக்கும் உங்களுடையது” என்றார். பத்திரத்தில் எல்லை கரை என்றுதான் இருந்தது. எந்தக் காலத்துக் கரை என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம், படகுத்துறை தரைதட்டத் தொடங்கியது. தூர்வாரலாம் என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது, திண்ணையிலிருந்து இருபதடி தாண்டியதும் எங்கள் நிலம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்ணீர் வரை இருக்கிற புல்வெளி, ஆல்டர் மரங்கள், படகுத்துறையின் முதல் நாலு கால், எல்லாம் கிராமத்துப் பொது.

காரணம் இது. பின்லாந்து சுவீடனோடு இருந்த காலத்தில், 1757இல் தொடங்கிய பெரிய நிலப்பங்கீட்டில் வயலையும் காட்டையும் வீட்டுக்கு வீடு பிரித்தார்கள். கிராமத்தின் முன்னால் கிடந்த கடலைப் பிரிக்கவில்லை. அது எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்ந்த சொத்து, அவரவர் நில அளவுக்கு ஏற்ற பங்கு. இன்றும் அப்படித்தான். சட்டம் சொல்வது: தண்ணீருக்கு யார் சொந்தக்காரரோ, அந்தத் தண்ணீர் விலகித் தெரிகிற நிலத்துக்கும் அவரே சொந்தக்காரர். கரைக்காரர் அல்ல. கடல் விட்ட நிலத்துக்கு சுவீடிஷில் ‘தில்லாண்ட்னிங்’ என்று பெயர். கரைக்காரருக்கு வேண்டுமானால் நில அளவைத் துறையில் விண்ணப்பித்து, மதிப்புப் போட்டு, பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். சும்மா வராது.

எட்டு மில்லிமீட்டர் எப்படி இத்தனை அகலமாகிறது என்பதும் சொல்லத்தக்கது. இந்தக் கரை தாம்பாளம் மாதிரித் தட்டை. நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு என்று வையுங்கள். 8 மில்லிமீட்டர் எழும்பினால் தண்ணீர் 80 சென்டிமீட்டர் பின்வாங்கும். நாற்பது வருஷத்தில் 32 மீட்டர். எதிர்க்கரையில், சுவீடனின் உயர்கரைப் பகுதியிலும் நிலம் இதே வேகத்தில் எழும்புகிறது. ஆனால் அங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது, அதனால் கரை அசைந்ததே தெரியாது. இரண்டு கரைக்கும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியப் பட்டம், அவர்களுக்கு 2000இல், இங்கே ஆறு வருஷம் கழித்து.

தரகர் மேல் அப்போது எனக்குக் கடுங்கோபம். இப்போது யோசித்தால், அவர் நீட்டின கை பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் காணொளிக்காரர் சொல்வது பெரும் தவறு. அதை நம்பி யாரும் பணம் போட வேண்டாம்.

3 ஜூன் 2024

தூர்வாரியது என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். வாரவில்லை. 500 கன மீட்டருக்கு மேல் என்றால் அனுமதி வேண்டும், குறைவு என்றால் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எங்களுடையது சின்ன வேலை, அறிவித்தால் போதும். ஆனால் மனம் வரவில்லை. காரணம் கீழே எப்போதாவது எழுதுகிறேன்.

24 ஜூன் 2024

நடுக்கோடை விழா முடிந்தது. ஊர் மைதானத்தில் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நாற்பது பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலைக்கு இங்கே ‘தால்கோ’ என்று பெயர். பின்னிஷிலிருந்து சுவீடிஷுக்கு வந்த சொல், ஆனால் இப்போது அவர்களுடையதாகவே ஆகிவிட்டது.

மொழி பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். “நாட்டு மொழி பேசாமல் எப்படி?” என்று. கேள்வியே சரியில்லை. சுவீடிஷும் இந்நாட்டின் தேசிய மொழிதான், சட்டப்படி பின்னிஷுக்குச் சமம். நாடு முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து பேர் அதைப் பேசுகிறார்கள். இந்தக் கரைக்கு அவர்களின் முன்னோர் வந்தது 12, 13ஆம் நூற்றாண்டுகளில். கடல் விட்டுப்போன புதுக்கரையில் புல் முளைக்கும், புல் இருந்தால் மாடு வைக்கலாம், எதிரே மீன். எண்ணூறு வருஷம் ஆயிற்று, இன்னும் “வந்தவர்கள்” என்று சொல்வது நியாயமா?

சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் நூற்றுக்கு 8 பேராவது இருந்தால், அல்லது 3,000 பேர் இருந்தால், அந்த ஊராட்சி இருமொழி ஊராட்சி. தெருப்பலகையில் பெரும்பான்மை மொழி மேலே, மற்றது கீழே. வாசாவிலிருந்து வீடு திரும்பும்போது ஓரிடத்தில் பலகைகள் தலைகீழாகும். அதுவரை பின்னிஷ் மேலே, அதற்கப்பால் சுவீடிஷ் மேலே. எல்லைக்கல் எதுவும் வேண்டாம். என் மகளுக்கு மூன்று வயதிலேயே அந்த இடம் தெரியும். “நம்ம பலகை வந்தாச்சு” என்பாள்.

2019இல் கோர்ஸ்ஹோல்மை வாசாவோடு இணைப்பது பற்றி மார்ச்சில் கருத்தறி வாக்கெடுப்பு நடந்தது. கோர்ஸ்ஹோல்மில் பெரும்பான்மை வேண்டாம் என்றது, ஊராட்சி மன்றமும் பிறகு நிராகரித்தது. பணக்கணக்கு பார்த்தால் இணைவதே லாபம் என்று அலுவலகத்தில் பலர் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இணைந்திருந்தால் அந்தப் பலகைகள் எல்லாம் திரும்பியிருக்கும். பத்தில் ஏழு பேராக இருக்கிறவர்கள் ஒரே இரவில் சிறுபான்மை ஆகியிருப்பார்கள். தமிழ் பேசி வளர்ந்த எனக்கு அது புரியாமல் போகுமா? தீவில் அந்த ஆண்டு யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை, ஆனால் வாக்களிக்க எல்லாரும் போனார்கள்.

14 ஜூலை 2024

இன்று ஸ்வேத்யஹாம்ன் போனோம். ரெப்லோட்டுக்கு வடக்கே, பியோர்க்கோ ஊருக்கு அப்பால், சாலை முடிகிற இடம். வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் போகக்கூடாது.

பார்வைக் கோபுரத்தில் ஏறினால் கீழே கடலில் உழவு ஓட்டினது மாதிரி இருக்கும். நீளநீளமான கல்வரப்புகள், ஒன்றுக்கொன்று இணையாக, வரப்புக்கு வரப்பு நடுவே தண்ணீர். பனிப்பாளம் பின்வாங்கியபோது அதன் விளிம்பு, கடலடியில் கல்லையும் மண்ணையும் வரப்பு வரப்பாக விட்டுப்போயிருக்கிறது. ஷெராட் தெ யேர் என்ற சுவீடன் புவியியலாளரின் பெயரில் அவற்றை தெ யேர் மொரைன் என்கிறார்கள். கடலடியில் பத்தாயிரம் ஆண்டு கிடந்த வரப்பு இப்போது ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகிறது. புதுத் தீவு என்று நாம் சொல்வது அந்தத் தலையைத்தான்.

எழும்புவதற்குக் காரணமும் அந்தப் பனிதான். மூன்று கிலோமீட்டர் கனத்துக்கு இருந்த பனி பூமியின் ஓட்டைக் கீழே அமுக்கி வைத்திருந்தது. சுமை போனதும் மெல்ல நிமிர்கிறது. இன்னும் நூறு மீட்டர்போல நிமிர வேண்டியிருக்கிறது என்கிறார்கள். நீரிணை இங்கே ஆழமில்லை, பெரும்பாலும் 25 மீட்டருக்குள். அதனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் போனால் இந்தத் தீவுகளும் சுவீடன் கரையும் ஒட்டிக்கொண்டு, வடக்கே இருக்கிற வளைகுடா ஏரியாகிவிடும்.

கோபுரத்திலிருந்து பூட்வாத்னெட் குளத்தைச் சுற்றி நடந்தோம். குளம் என்று எழுதிவிட்டேன். அது ஒரு காலத்தில் கடல், படகு வந்து நின்ற விரிகுடா. கரையோரம் சாம்பல் நிறத்தில் பழைய படகுக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன, கதவு பழைய நீரைப் பார்த்தபடி. ஆட்கள் துறையை வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு விரிகுடா கடலிலிருந்து பிரிகிறபோது ஒவ்வொரு பருவத்துக்கும் இங்கே தனிப்பெயர். வாய் குறுகி, ஆனால் கடலோடு இன்னும் தொட்டுக்கொண்டிருந்தால் ‘ஃப்லாதா’. வாய் மூடி, புயல் நாளில் மட்டும் கடல்நீர் உள்ளே வந்தால் ‘க்லூ’. பிறகு ஏரி, பிறகு சேற்றுநிலம், பிறகு காடு. வசந்தத்தில் ஃப்லாதாவின் ஆழமில்லாத தண்ணீர் வெளிக்கடலுக்கு முன்னால் சூடாகும். பெர்ச், பைக் என்ற மீன்கள் முட்டையிட அங்கேதான் வரும். நன்னீர் மீன்கள் கடலில் இருப்பதா என்று கேட்காதீர்கள். இந்தக் கடலில் உப்பு அவ்வளவு குறைவு.

தூர்வாராததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். எங்கள் படகுத்துறை இருப்பது அப்படியொரு ஃப்லாதாவின் வாயில். வாயைத் தோண்டி விட்டால் படகு போகும், ஆனால் வெளிக்கடலின் குளிர்நீரும் உள்ளே வந்துவிடும். அதோடு பழைய கடலடிச் சேற்றில் கந்தகம் இருக்கிறது. தோண்டிக் கரையில் குவித்துக் காற்றுப் பட்டால் அமிலமாகும். இந்தக் கரை நெடுக வயல் வடிகால்களால் அப்படி நடந்து ஆறுகளில் மீன் செத்திருக்கிறது.

15 ஜூலை 2024

நேற்று எழுதி முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. ஃப்லாதாவுக்கும் க்லூவுக்கும் தமிழில் என்ன சொல்வது? காயல் என்றால் ஓரளவு வரும். ஆனால் காயல் நிலையாக இருப்பது, இது மூடிக்கொண்டே போவது. கடல் நிலத்தை விழுங்கினால் கடல்கோள் என்று நமக்குச் சொல் தயாராக இருக்கிறது. கடல் நிலத்தை விட்டுப்போனால்? ஒருவர் ‘கடல்விடு நிலம்’ என்று எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. இனி அதையே எழுதுகிறேன். ‘கடலீவு’ என்று சொன்னவருக்கு: அழகாக இருக்கிறது, ஆனால் கடல் யாருக்கும் ஈயவில்லை. துறை இழந்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது.

1 செப்டம்பர் 2024

நேற்றிரவு கோடை முடிவு. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை வில்லாக்களை மூடுகிற நாள், கரையெல்லாம் நெருப்பு. தீவுக்குத் தீவு ஒவ்வொரு பொட்டாகத் தெரியும்.

நெருப்பின் பக்கத்தில் பெரியவர் நிறையப் பேசினார். வயது எண்பத்து நாலு. எல்லாரையும் போல நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இங்கே ஐயா, அண்ணா கிடையாது. பதினோரு வருஷமாகியும் எனக்குக் கூசுகிறது. அதனால் இங்கே பெரியவர் என்றே எழுதிக்கொள்கிறேன்.

பாலம் வருமுன் எப்படி இருந்தது என்று கேட்டேன். ரெப்லோட் பாலம் திறந்தது 1997இல், நீளம் 1,045 மீட்டர். அதற்கு முன் கோடையில் பயணப்படகு, குளிர்காலத்தில் உறைந்த கடல்மேல் பனிச்சாலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பருவம் உண்டு, பனி படகைத் தடுக்கும், ஆனால் ஆளைத் தாங்காது. அதற்கு ‘மென்ஃபோரே’ என்று பெயர். அந்த நாட்களில் வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. அவர் தங்கை பிறந்தது ஒரு மென்ஃபோரேயில். மருத்துவச்சி இந்தப் பக்கம் இருந்ததால் பிழைத்தாள் என்றார்.

இதே பனியிலும் தண்ணீரிலும்தான் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பியோர்க்கோ ஆட்கள் தபால் கொண்டுபோனார்கள். எதிர்க்கரையில் சுவீடனின் ஹோல்மோன் தீவு. படகைத் துடுப்பால் தள்ளி, பனி வந்தால் இறங்கி இழுத்து, உடைந்தால் மறுபடி ஏறி. அதற்குப் பதிலாகப் படைக்கு ஆள் பிடிப்பதிலிருந்து விலக்கு. இன்று அதன் நினைவாகக் கோடையில் படகோட்டுகிறார்கள், பழைய உடை உடுத்தி. பெரியவரின் பாட்டனார் வழியில் தபால்காரர்கள் உண்டு. கையை விரித்துக் காட்டினார், கயிற்றுத் தழும்பு பரம்பரையாக வருகிறது என்பதுபோல. தழும்பு அவருடைய சொந்த வலைக்கயிற்றால் வந்தது.

2 செப்டம்பர் 2024

ஒரு விட்டுப்போனது. அவர் தோட்டத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு பாறை, அதில் துருப்பிடித்த இரும்பு வளையம். இரண்டு வருஷத்துக்கு முன் காளான் தேடிப் போனபோது என் மகள் கண்டுபிடித்தாள். மாடு கட்டவா என்று கேட்டேன். இல்லை, அவர் பாட்டனார் படகு கட்டின வளையம். இப்போது அங்கிருந்து தண்ணீர் வரை நாற்பது மீட்டருக்கு மேல், நடுவில் ஆல்டரும், ஆரஞ்சுநிறப் பழம் காய்க்கிற முட்செடியும்.

17 நவம்பர் 2024

மேலே ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதிவிட்டேன். அது பூமி எழும்புகிற வேகம். கடலும் எழும்புகிறது, உலகச் சராசரியாக இப்போது 3, 4 மில்லிமீட்டர். ஆக, கரையில் நாம் காண்பது கிட்டத்தட்டப் பாதிதான். நூறு வருஷத்துக்கு முன் இந்த இரும்பு வளையத்தை விட்டுக் கடல் போன வேகத்தில் இப்போது போகாது. என் ஜூன் மாதக் கணக்கில் நாற்பது வருஷத்துக்கு 32 மீட்டர் என்று போட்டிருந்தேன். கடல் மெதுவாக ஏறிய பழைய காலத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்தலாம், வரப்போகிறதற்குப் பொருந்தாது. கடல் இன்னும் வேகமாக ஏறினால் இந்தக் கரை அப்படியே நின்றுவிடவும் கூடும்.

பாறைக்கோடு பற்றி ஒரு நண்பர் யோசனை சொல்லியிருந்தார்: வாசாவின் நீர்மட்ட அளவியைப் பார், கோடு போட்ட அன்று என்ன அளவு இருந்ததோ அதே அளவு வருகிற நாளில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நல்ல யோசனை என்று ஒரு மாதம் காத்திருந்தேன். பிறகு உறைத்தது, அளவியும் இதே நிலத்தில்தானே நட்டிருக்கிறது! அதுவும் பாறையோடு சேர்ந்து எழும்புகிறது. அளவு ஒன்றானால் தண்ணீர் கோட்டிலேயேதான் நிற்கும். பல வருஷச் சராசரியை எடுத்தால் தவிர இந்த எழுச்சி சிக்காது.

20 நவம்பர் 2024

இதில் குழம்பினது நான் மட்டுமல்ல. வெப்பமானிக்குப் பெயர் கொடுத்த அதே ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731இல் சுவீடனின் யேவ்லே ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் நீர்மட்டக் குறி வெட்ட வைத்தார். கடல் வற்றுகிறது என்பது அவர் முடிவு. பாதிரிமார் கொதித்தார்கள், துர்க்கு நகர ஆயர் யோஹான் புரொவாலியுஸ் மறுத்து 1755இல் நூலே எழுதினார். ஏறி வருவது நிலம்தான், கடல் அல்ல என்று 1765இல் எழுதியவர் எஃப்ராயிம் ஓத்தோ ரூனெபெரி, வாசாவில் நில அளவை அதிகாரி. வருஷம் முழுக்கக் கரைக் கிராமங்களில் எல்லை அளந்து திரிந்த ஆள். பனிச்சுமைதான் காரணம் என்பது தெரிய அதற்குப் பிறகும் நூறு வருஷம் ஆயிற்று.

நிலம் யாருக்கு என்று சண்டை தீர்க்கப் போனவருக்கு நிலம் எழும்புவது புரிந்தது. இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

9 பிப்ரவரி 2025

கடல் உறைந்துவிட்டது. பெரியவர் பனியில் துளைபோட்டு உட்கார்ந்திருக்கிறார், மகளும் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு. நான் கரையிலிருந்து பார்த்தேன்.

1809 மார்ச்சில் பார்க்லே தெ தோலியின் ரஷ்யப் படை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு இந்தப் பனிமேல்தான் சுவீடனின் உமியோவுக்கு நடந்துபோனது. அதே ஆண்டு பின்லாந்து சுவீடனின் கையை விட்டுப்போனது. அதுவரை இந்த நீரிணை ஒரே நாட்டின் நடுவில் ஓடிய தெரு மாதிரி. அதன் பிறகு எல்லை.

11 மே 2025

இழை தொடங்கி இன்றோடு ஒரு வருஷம். திசைமானி தம்பி, நீங்கள் இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை. எங்கள் துண்டுக்கு என்ன முடிவு என்று சொல்லி விடுகிறேன்.

மார்ச்சில் பங்காளிகள் கூட்டம். கடல்விடு நிலத்தை மீட்டுக்கொள்ள எங்களுக்கு விருப்பமா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு விருப்பம், செலவும் தாங்கக்கூடியதுதான். நான் வேண்டாம் என்றேன். எங்களுக்கு அங்கே நடக்கத் தடையில்லை, படகுத்துறை போட்டுக்கொள்ளப் பங்காளிகள் சம்மதமும் இருக்கிறது. அந்தப் புல்வெளியில் ஊர்ப்பிள்ளைகள் முட்செடிப் பழம் பறிக்க வருகிறார்கள். வேலி அடைக்க ஓர் உரிமை கிடைத்தால் நாளைக்கு யாராவது அடைப்பார்கள், நாங்கள் இல்லாவிட்டாலும் எங்களுக்குப் பிறகு வாங்குகிறவர். இரண்டு நாள் பேசினோம். அவரும் சரியென்றார், முழுமனதோடா என்று தெரியாது.

நேற்று தால்கோ. படகுத்துறையை ஆறு மீட்டர் வெளியே நீட்டினோம், பதினொரு பேர் வந்தார்கள். கரைப்பக்கம் பழைய கால்கள் இனி தண்ணீரில் நிற்கவில்லை, ஆனால் பிடுங்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பெரியவருக்குக் குனிய முடியவில்லை. புதுப் பாறையில் வளையம் அடிக்க எந்த இடம் என்று மட்டும் கைத்தடியால் காட்டினார்.

இன்று காலை சிவப்புக் கோட்டைப் பார்க்கப் போனேன். இரவெல்லாம் தென்மேற்குக் காற்று. கோடு தண்ணீருக்கு அடியில், நாலு விரல் ஆழத்தில் இருந்தது.